‘தரோ’ மேல் விழுந்த கோடு

1

கல்கத்தாவில் நான் என்ன கட்டினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் ‘இவன் யாருய்யா’ என்று கேட்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். பத்தொன்பது வயதில் கையில் ஒரு ஸ்பேனரும் ஒரு துணிப்பையுமாக ஹவுராவில் இறங்கினேன். அன்றைக்குப் பெங்காலியில் ஒரு வார்த்தை தெரியாது, இந்தியில் இரண்டு தெரியும், இரண்டும் வசவு. இன்றைக்கு அதே ஹவுராவில் எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. அலிப்பூரிலும் பாலிகஞ்சிலும் எத்தனையோ பழைய கட்டடங்களில் லிஃப்டு ஏறி இறங்குவது நம் ஆட்கள் போட்ட எண்ணெயில்தான். லேக் மார்க்கெட் பக்கம் மூன்று மாடி வீடு கட்டினேன். அதில் மட்டும் லிஃப்டு இல்லை. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். படி ஏறுகிற வரைக்கும்தான் முழங்கால் சொன்ன பேச்சு கேட்கும் என்று பதில் சொல்லுவேன். அப்பன் சொத்து ஒரு பைசா கிடையாது, சிபாரிசு கிடையாது, ‘நம்ம ஊர்க்காரன்’ என்று தோளில் கை போட இங்கே ஒரு ஆள் கிடையாது.

இதெல்லாம் பெரிசில்லை. நான் கட்டினதிலேயே பெரிசு ஐந்து இங்கிலீஷ் வார்த்தை. கம்பெனியே அந்த ஐந்தின் மேல்தான் நிற்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். இன்னொரு காரணம், தமிழில் நான் எழுதினதைப் படிக்க இந்த வீட்டில் ஆள் இல்லை. மகன் செந்தில் தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டமாட்டான். பேத்திக்கு என் அம்மா பேரை வைத்தேன், வேலம்மாள் என்று. அவளைக் கூப்பிடுவது துலி. வேலம்மாள் பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் மட்டும் இருக்கிறாள்.

2

கம்பெனிக்கு ஐம்பதாவது வருஷம் வருகிறது. அதற்கு வழவழ தாளில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். நியூடவுன் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு, பத்துப் பன்னிரண்டு கோபுரம். அதன் லிஃப்டெல்லாம் நம் கைக்கு வந்தால் செந்தில் அடுத்த படி ஏறிவிடுவான். அங்கே கொண்டுபோய்க் காட்டத்தான் புத்தகம்.

போன வியாழக்கிழமை காலையில் வழக்கம்போல மார்க்கெட்டுக்குப் போய்க் காப்பிப்பொடியும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தின் மாதிரித் தாள்கள் கிடந்தன. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினேன். இங்கிலீஷ் எனக்குச் சரளமாக வராது. ஆனால் என் ஐந்து வார்த்தை எங்கே இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரன் முகம் மாதிரி.

பட்டது. நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் காம்ப்ரிஹென்சிவ், தரோ, மெட்டிகுலஸ் மூன்றும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எதற்கு என்று பார்த்தால், இருக்கிற சர்வீஸிலேயே மலிவானதற்கு. மாசத்துக்கு ஒரு தரம் போய், லிஸ்டுப்படி வெளியிலிருந்து பார்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற சர்வீஸ்.

அந்த வரியை எழுதினது துலி. கூப்பிட்டுக் கேட்டேன். அவள் காதிலிருந்து அந்த வெள்ளைக் குமிழைக் கழற்றிவிட்டு, “தாத்தா, எல்லாம் ஒரே மீனிங்தான், சும்மா வெயிட்டுக்குப் போட்டது” என்றாள்.

ஒரே மீனிங். ஐம்பது வருஷம் நான் தனித்தனியாக வைத்துக் காப்பாற்றினதை அந்தப் பிள்ளை ஒரே உருண்டையாக உருட்டிவிட்டது. அவளை நான் வையவில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஆறாம் பக்கத்தைத் திருப்பின பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதற்கு வருகிறேன். முதலில் வார்த்தைகள் எப்படி வந்தன என்று தெரிய வேண்டும்.

3

நம்ம கரிசல் காட்டில் கிணறு ஆழப்படுத்துகிற கூட்டத்தோடு நான் பன்னிரண்டு வயதிலிருந்து திரிந்தது பழைய ஆட்களுக்குத் தெரியும். கைக் கிரேன், இரும்புக் கயிறு, ஒரு கூடை. பகலெல்லாம் கூடையில் கல் ஏறும், சாயந்திரம் அதே கூடையில் ஆள் ஏறும். தினமும் காலையில் கயிற்றை முழு நீளத்துக்கும் உள்ளங்கையில் ஓடவிட்டுப் பார்ப்பது என் வேலை. பிசிறு தட்டினால் வேலை நிற்கும். அதனால் ஹவுராப் பட்டறையில் என்னைச் சேர்த்து, ஒரு லிஃப்டின் மெஷின் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் மிரளவில்லை. கூடைக்குப் பதில் தேக்குப் பெட்டி, ஆளுக்குப் பதில் துரைமார். கயிறு அதே கயிறுதான்.

ஏழே வருஷத்தில் தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். தொழில் கைவசம் இருந்தது, காகிதம்தான் இல்லை. லைசென்சுக்கு அலிப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசுக்கு நடந்தேன். ஜன்னல் எண் மூன்றுக்குப் போனால் ஐந்துக்குப் போ என்பார்கள், ஐந்தில் மூன்றைக் காட்டுவார்கள். படிப்பு என்ன என்கிற இடத்தில் நான் ஐந்து என்று எழுதினேன். அந்தக் குமாஸ்தா அதை ஐந்து வருஷ டிப்ளமோ என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான்தான் திருத்தினேன். நாற்காலி போய்விட்டது, இன்னும் நான்கு மாசம் நடந்தேன்.

லிஃப்டு பார்த்ததற்கு ரிப்போர்ட்டு இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் தார்ப்பாய் கட்டி வரிசையாக டைப்பிஸ்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் கடைசி ஆள் நிர்மல்தா. மூக்குப்பொடி, கிழிந்த குடை, பெரிய காது. என்னைவிட இருபது வயசு மூத்தவர். இங்கே மூத்தவர்களை அண்ணன் என்பதற்குப் பேரோடு ‘தா’ சேர்த்துக்கொள்வது வழக்கம்.

முதல் நாள் அவரிடம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டார். எல்லாம் என்றால் என்ன என்று கேட்டார். எல்லாம்தான் என்றேன். வக்கீல்களுக்கு டைப் அடித்து அடித்து அவருக்கே வக்கீல் புத்தி வந்திருந்தது. குறுக்கு விசாரணை ஆரம்பித்தார். லிஸ்டு வைத்து எண்ணிப் பார்த்தாயா? கழற்றி உள்ளே பார்த்தாயா? சின்ன ஆணியெல்லாம் பார்த்தாயா? லிஃப்டை மட்டும் பார்த்தாயா, கட்டடத்தையும் பார்த்தாயா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது சுப்பு, செய்ததற்கு உண்டான வார்த்தையைத்தான் நான் அடிப்பேன் என்றார். நான் அவசரம், எதையாவது அடியுங்கள், காசு தருகிறேன் என்றேன்.

அதற்கு அவர் சொன்னதை மட்டும் அப்படியே எழுதுகிறேன். “காசு பக்கத்துக்குத்தான் வாங்குகிறேன். வார்த்தையை உன் ஆத்மாவிடம் வாங்கிக்கொள்.”

4

வார்த்தைகள் ஒரே நாளில் வரவில்லை. ஒவ்வொன்றையும் வேலையால் சம்பாதித்தேன். அவர் இங்கிலீஷைச் சொல்லுவார், பெங்காலியில் விளக்குவார், நான் அதற்குத் தமிழைக் கண்டுபிடித்து என் சிட்டைப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுவேன்.

கம்ப்ளீட் என்றால் ஒண்ணு விடாமல். என் லிஸ்டில் முப்பத்தோரு இனம், முப்பத்தொன்றும் பார்த்திருக்க வேண்டும். முப்பது பார்த்தால் அந்த வார்த்தை இல்லை. தரோ என்றால் அக்குவேறு ஆணிவேறு. மூடியைக் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். மெட்டிகுலஸ் என்பதற்கு நிர்மல்தா ‘கூட்டிநாட்டி’ என்பார், நுணுக்கமான சில்லறை விஷயம் என்று அர்த்தம். கதவுப் பூட்டில் சேருகிற தூசி, ஆணி கழன்று விழாமல் வளைத்துவிட்ட கம்பி ஊசி, அதெல்லாம். காம்ப்ரிஹென்சிவ் என்றால் லிஃப்டோடு நிற்காது. மொட்டைமாடி ஒழுகுகிறதா, மின்சாரப் பெட்டி காய்ந்திருக்கிறதா, வாட்ச்மேன் கதவை உதைத்துச் சாத்துகிற ஆளா, அது வரைக்கும் போகும்.

ஐந்தாவது எக்ஸாஸ்டிவ். சல்லடை போட்டுச் சலித்து, இனித் தேட இடமே இல்லை என்று ஆன பிறகு எழுதுகிறது. அதை என் ஆயுசில் மூன்று தரம்தான் எழுதியிருக்கிறேன்.

‘ஃபுல்’ என்று ஒன்று உண்டே என்று ஒரு தரம் கேட்டேன். அது சர்பத் கடைக்கு என்றுவிட்டார்.

பெர்ஃபெக்ட் என்பதையும் அடிக்க மாட்டேன் என்றார். அதைச் சொல்லுகிற உரிமை லிஃப்டுக்காரனுக்கு இல்லையாம், காளி கோயிலில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டுமாம்.

பிறகு ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல், ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு ரிஜிஸ்தர் போட்டேன். ஒவ்வொரு தரம் போகும்போதும் தேதி, செய்த வேலைக்குத் தக்க ஒரே ஒரு வார்த்தை, கீழே என் கையெழுத்து. மற்ற கம்பெனிக்காரன் அரைப் பக்கம் எழுதுவான். நான் ஒரு வார்த்தை எழுதுவேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கல்கத்தாவில் மதிப்பு இருந்தது, சும்மா சொல்லவில்லை. மீட்டிங்கில் வாடகைக்காரர்கள் சண்டை போட்டால், ‘மதராசி மிஸ்திரி என்ன எழுதியிருக்கார், அதைப் பாருங்க’ என்பார்கள்.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள்தான் கண்ணில் நிற்கின்றன. மழை பெய்து மரத்தடியெல்லாம் சேறு. நிர்மல்தா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு டைப் அடிப்பார். நான் அவர் தலைக்கு மேலே குடை பிடிப்பேன். மண் குவளையில் டீ வரும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல ஒரு முழு பாஷை கிடையாது. ஆனாலும் பேச்சு ஓயாது.

5

இனிமேல்தான் ஆறாம் பக்கம்.

அலிப்பூரில் ஒரு நர்சிங் ஹோம். நான்கு மாடி, ஒரே லிஃப்டு, நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி இறக்குவது அதில்தான். நிர்வாகம் பண்ணினது ஒரு அம்மாள், மிசஸ் சென் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள், பயங்கரக் கண்டிப்பு. அப்போது என் தங்கச்சி பார்வதிக்குக் கல்யாணம், ஆவணி முகூர்த்தம். நான்கு வருஷமாக ஊர்ப்பக்கம் தலை காட்டாதவன், மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பார்வதிக்கு ஒரு கைத்தறிச் சேலை, ஆகாச நீலம், கல்கத்தாவிலேயே அப்படி ஒரு நீலம் பிறகு நான் பார்க்கவில்லை.

முந்தின சாயந்திரம் மழை கொட்டுகிறது. ரோட்டில் முழங்கால் தண்ணீர். கிளம்புவதற்கு முன் அந்த லிஃப்டைப் பார்த்துவிட வேண்டும் என்று போனேன். லிஸ்டில் எல்லாம் பார்த்தேன். பிரேக்கைப் பிரிக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். பஸ் நின்றுவிட்டால் ஹவுராவுக்கு எப்படிப் போவது, பெட்டி கட்டவில்லை. வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன், சத்தம் நன்றாக இருந்தது. ரிஜிஸ்தரை எடுத்தேன். அந்த மாசம் தரோ எழுத வேண்டிய மாசம். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் ரயில் ஏறி உட்கார்ந்தேன். சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். எதிரில் மதுரைக்குப் போகிற ஒரு குடும்பம், புளிச்சாதம் கொடுத்தார்கள். வெளியே நெல் வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு ஓடுகிறது. எனக்கு மட்டும் காதுக்குள் நிர்மல்தாவின் டைப் மெஷின் ஓயாமல் தட்டுகிறது. கழற்றிப் பார்த்தாயா, கழற்றிப் பார்த்தாயா.

கரக்பூரில் இறங்கிவிட்டேன்.

போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் லிஃப்டை நிறுத்துவார்கள், நோயாளியைப் படி வழியாக இறக்குவார்கள், அந்தப் பிரேக்கைப் பிரிக்கத் தெரிந்த ஒரே ஆள் கல்யாணப் பந்தியில் அப்பளம் பரிமாறிக்கொண்டிருப்பான். அந்தச் சேலையை மதுரைக் குடும்பத்திடம் கொடுத்து, விலாசம் எழுதிக் கொடுத்து, தபாலில் அனுப்பச் சொன்னேன். அந்தப் புண்ணியவான்கள் அனுப்பினார்கள். அடுத்த ரயிலில் போனாலும் தாலி கட்டிப் பந்தலைப் பிரித்த பிறகுதான் போய்ச் சேருவேன். அது தெரிந்துதான் இறங்கினேன்.

மூன்று மணிக்கு அலிப்பூரில் இருந்தேன். லிஃப்டை நிறுத்தி, பிரேக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தேன்.

நன்றாக இருந்தது. ஒரு தேய்மானம் இல்லை. புதுசு மாதிரி இருந்தது.

திருப்பி மாட்டிவிட்டு, மெஷின் ரூம் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தேய்ந்து போயிருந்தாலாவது பத்து உயிரைக் காப்பாற்றினேன் என்று தங்கச்சிக்கு எழுதலாம். அதுவும் இல்லை. பிறகு ரிஜிஸ்தரை எடுத்தேன். முந்தின நாள் தரோ மேல் ஒரு கோடு அடித்தேன். மழுப்பாமல், நேர்க்கோடாக, கீழே உள்ள வார்த்தை தெரிகிற மாதிரி. பக்கத்தில் கம்ப்ளீட் என்று எழுதினேன். அடுத்த வரியில் அன்றைய தேதி போட்டு, தரோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மிசஸ் சென் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அந்த வாரமே என் வேலையை நிறுத்தி வேறு கம்பெனியை வைத்தார். ஆறு மாசம் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். புதுக் கம்பெனியின் ரிஜிஸ்தரை முன்னால் வைத்தார். மாசா மாசம் ஒரே வரி, ஒரே பெரிய வார்த்தை. “இவர்கள் ஒரு தடவைகூட அடித்துத் திருத்தவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, மிஸ்திரி” என்றார். அந்த நர்சிங் ஹோம் திரும்பி வந்தது, அந்த அம்மாளுக்குத் தெரிந்த ஏழு கட்டடமும் கூட வந்தது. கம்பெனி வளர்ந்தது அங்கிருந்துதான்.

நிர்மல்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பாராட்டவில்லை. மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். அன்றைக்கு ரிப்போர்ட்டுக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

பார்வதி ரொம்ப வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணன் எங்கே என்று யாராவது கேட்டால், ‘அண்ணன் லிஃப்டு கல்யாணத்துக்குப் போயிருக்கார்’ என்பாளாம். அவள் கல்யாணப் போட்டோவில், எங்கள் தம்பிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறது. ஊரில் உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் போட்டோ தெரியும். ஏன் அந்த இடம் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

6

அந்த ரிஜிஸ்தரை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத்தான் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தில் பெரிசாகப் போட்டிருக்கிறார்கள். கோடு இல்லை. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்கள். கம்ப்ளீட் என்கிற வார்த்தையும் இல்லை. இரண்டு வரி, இரண்டு தரோ, இரண்டு கையெழுத்து, பால் போல வெள்ளைத் தாள். மேலே, எங்கள் டீம் உருவாக்கிய முறை என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அந்த நாளில் டீம் என்றால் நானும், ஒரு ஏணியும்.

செந்திலைக் கூப்பிட்டேன். அவன் நல்ல பையன், மறைக்கவில்லை. தான்தான் அழிக்கச் சொன்னதாக ஒத்துக்கொண்டான். லிஃப்டு கம்பெனியின் புத்தகத்தில் அடித்துத் திருத்தின பக்கத்தைப் போட்டால் கஸ்டமர் என்ன நினைப்பான், டெண்டர் பார்க்கிறவன் கேள்வி கேட்பானே என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முப்பத்தெட்டுக் குடும்பம் அந்தக் கம்பெனியில் சாப்பிடுகிறது, அந்தப் பாரம் இப்போது அவன் தோளில்.

“உங்க போட்டோவை ஃபுல் பேஜ் போடறேன்ப்பா. ஃபவுண்டர்னு தங்க எழுத்துல போடறேன். அந்தக் கோடு மட்டும் வேண்டாம்” என்றான்.

நான் பெருமைக்கு ஆசைப்படாதவன் இல்லை. இதுவரைக்கும் படித்த உங்களுக்கே அது தெரிந்திருக்கும். தங்க எழுத்து என்றதும் ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செய்தது. என்ன சட்டை போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். வேண்டாம் என்றேன்.

அவன் விடவில்லை. “பிரேக் நல்லாத்தானேப்பா இருந்தது? அப்போ அந்தக் கோடு என்ன காட்டுது? நீங்க முதல் நாள் பொய் எழுதினீங்கன்னு மட்டும்தான் காட்டுது.”

ஆமாம் என்றேன். அதைத்தான் காட்டுகிறது.

அவன் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். துலி மட்டும் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஐந்து வார்த்தைக்கும் வேறு வேறு வேலையா என்று பெங்காலியில் கேட்டாள். ஆமாம் என்றேன். நான்காம் பக்கத்து வரியில் இரண்டை எடுத்துவிட்டதாகச் சாயந்திரம் வந்து சொன்னாள். மூன்றையுமே எடுக்க வேண்டும், அந்த சர்வீஸுக்கு ‘கம்ப்ளீட்’ போதும் என்றேன். முறைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. அச்சுக்குப் போகிற திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, அதனால் இதைத் தபாலில் போடாமல் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். நான் கேட்பது இதுதான். ஊரில் இருக்கிற உங்களைச் சாட்சி வைத்தே கேட்கிறேன். பார்வதி, நீயும் படிப்பாய். செந்திலிடம் போனில் இதைத் தமிழில் வாசித்துக் காட்டு, அத்தை சொன்னால் கேட்பான்.

செந்தில், இங்கிலீஷ் வார்த்தை ஐந்தும் நிர்மல்தா கொடுத்தது, அவர் பேரை அந்தப் பக்கத்தில் போடு. கம்பெனி இப்போது உன்னுடையது, உன் பேரை எங்கே வேண்டுமானாலும் போடு. டீம் என்றும் போட்டுக்கொள். அந்த ஒரு கோடு மட்டும் என்னுடையது. அதற்கு நான் ஒரு கல்யாணம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கோட்டை இருந்த இடத்தில் திரும்பப் போடு, கீழே சின்ன எழுத்தில் என் பேரைப் போடு. பொய் எழுதினவனும் சுப்பையா, அடித்தவனும் சுப்பையா. இரண்டையும் போடு.